தொண்டைக்கட்டு என்று நினைத்த மூன்று வாரங்கள்

"ஆ காட்டு. இன்னும் பெருசா. வெளிச்சத்துக்கு இங்குட்டுத் திரும்புய்யா."

காலை வெயில் குழாயடிச் சுவரில் பாதி இறங்கியிருந்தது. வேலைக்குக் கட்டிய சேலையோடு அம்மா என் எதிரே நின்றார். ஒரு கையில் சிறிய டார்ச். மறு கையில் கரண்டிக் காம்பு. அந்தக் காம்பில் முந்திய நாள் ரசத்தின் பெருங்காய வாசனை இன்னும் மிச்சமிருந்தது.

எனக்கு அப்போது பதினான்கு வயது. கழுத்தை நிமிர்த்தி "ஆ" என்றேன்.

ஒற்றை எழுத்துதான். அதற்குள் இரண்டு பேர் பேசினார்கள். தொடங்கியவன் நான், முடித்தவர் எனக்கு முன்பின் அறிமுகமில்லாத யாரோ ஒருவர்.

வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, சீழ் இல்லை என்று அம்மா தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டுத் தீர்ப்பளித்தார்: பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து தூசியை விழுங்கியதால் வந்த தொண்டைக்கட்டு. மூன்று வேளையும் உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வேண்டும்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. மூன்று வாரத்துக்குள் குரல் தேறிவிடுமா?

மூன்று வாரம் கழித்துக் காரைக்குடியில் பள்ளிகளுக்கிடையிலான சொற்போரின் இறுதிச் சுற்று. எங்கள் அணியின் நிறைவுரை என்னுடையது. ஆறாம் வகுப்பிலிருந்தே என்னுடையது. கணக்கில் நான் சுமார், ஓட்டப்பந்தயத்தில் கடைசி. என்னை 'சேது' என்று நாலு பேருக்குத் தெரியவைத்தது மணி போன்ற அந்தக் குரல் ஒன்றுதான். அது போய்விட்டால் என்னிடம் மிஞ்சுவது என்ன என்ற கேள்விக்கு எனக்கு விடை தெரியாது.

"மூணே நாள்ல சரியாயிரும்" என்றார் அம்மா.

வாசகர் ஒருவரின் நியாயமான கோபம்

இந்தத் தொடரில் நான் கோப்பை வாங்கிய மேடைகள் மட்டுமே வரிசைகட்டி வருகின்றன, தோற்ற மேடை ஒன்றுகூடவா இல்லை என்று வாசகர் ஒருவர் கடிந்து எழுதியிருந்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சினம் வந்தது. இரண்டாம் முறை அவர் சொன்னது சரியென்று பட்டது.

தோற்ற மேடைகள் உண்டு. அவற்றுள் ஒன்றைத்தான் இந்த வாரம் எழுதத் துணிகிறேன். ஆனால் அதை எழுத வேண்டுமானால், முதலில் என் தாயாரின் தொழிலைச் சொல்ல வேண்டும்.

நான் கேட்ட முதல் உரைகள்

அம்மா கிராமச் செவிலியர். பள்ளத்தூரைச் சுற்றியுள்ள சில ஊர்களுக்கு அவர்தான் 'நர்ஸம்மா'. ஒரு வீட்டில் மருமகளுக்கு நாள் தள்ளிப்போன செய்தி அவள் கணவனின் காதுக்கு எட்டும் முன்பே அம்மாவின் பதிவேட்டுக்கு எட்டிவிடும். அன்றுமுதல் பிள்ளை பிறந்து, தவழ்ந்து, தடுப்பூசிகள் எல்லாம் முடியும்வரை அந்த வீட்டுக்கு அவர் உறவுக்காரர்.

என்னைச் சுமந்திருந்த நாள்களிலும் அவர் இந்த வேலையை விடவில்லை. ஊர் ஊராகச் சென்று, வேப்பமரத்தடியிலோ அங்கன்வாடிக் கூடத்திலோ பிள்ளைத்தாய்ச்சிகளை உட்காரவைத்துப் பேசுவார். கருவில் முதலில் துடிக்கத் தொடங்குவது இதயம். பிறகு விரல்கள் பிரியும். மாதங்கள் ஏற ஏறப் பிள்ளைக்கு வெளியே நடக்கும் பேச்சும் கேட்கும். ஆகவே வயிற்றோடு பேசுங்கள் என்பார். கூடியிருந்தவர்களில் ஆகப் பெரிய வயிறு பேசுகிறவருடையதாகவே இருந்ததால் அந்த அறிவுரைக்கு மறுப்பு எழுந்ததில்லை.

எனவே என் மேடைப் பயிற்சி பிறந்த பிறகு தொடங்கியது என்று சொல்வோரை நான் ஏற்பதில்லை. முருங்கைக்கீரை பற்றியும் சத்து மாத்திரை பற்றியும் எத்தனையோ உரைகளைக் கேட்ட பின்பே நான் வெளியே வந்தேன்.

வந்த பின்னும் எனக்கு ஓய்வில்லை. அம்மாவின் விளக்கங்களுக்கு நானே சான்றுப் பொருள் ஆனேன். கழுத்து நின்றதைக் காட்ட என்னைத் தூக்கிக் காட்டினார். உட்காரும் பருவத்தைக் காட்டப் பாயில் உட்காரவைத்தார். எடை பார்க்கும் தூளியில் தொங்கவிட்டு, முள் நின்ற இடத்தை வளர்ச்சி அட்டையில் புள்ளியாக வைத்து, புள்ளிகளைக் கோடாக இழுத்து, "இந்தக் கோடு மேல மேல ஏறணும், படுத்துச்சுன்னா என்கிட்ட ஓடியாங்க" என்பார்.

என் கோடு ஏறியது. கால்கள்தாம் ஏமாற்றின. ஒரு வயது கடந்தும் நான் நடக்கவில்லை. ஆனால் தெளிவாகப் பேசிவிட்டேன். நடக்காத பிள்ளைகளின் தாய்மார்களுக்கு அம்மா என்னைக் காட்டித்தான் ஆறுதல் சொன்னாராம்: "எம்பயலப் பாருங்க. உக்காந்த இடத்துல இருந்தே ஊரை வேலை வாங்குறான்."

முதல் ஒலிவாங்கியும் அவர் வழியாகவே வந்தது. சொட்டு மருந்து நாளுக்கு முன்தினம் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் சுற்றினார்கள். அறிவிப்பவருக்குத் தண்ணீர் தாகம். அவர் இறங்கிய இடைவெளியில் நான் ஒலிவாங்கியைப் பிடித்து, 'ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அழைத்து வாருங்கள்' என்று முழங்கினேனாம். அழைத்தவனுக்கே ஐந்து வயது நிரம்பவில்லை. மறுநாள் என் வாயிலும் இரண்டு சொட்டு விழுந்தது.

இப்படி, கருவிலிருந்து என் ஒவ்வொரு படியையும் கண்ட ஒருவர், என் தொண்டையைப் பார்த்துத் தூசி என்று சொன்னால் நான் நம்பாமல் வேறென்ன செய்வேன்?

சித்தரத்தை, பனங்கற்கண்டு, பிடிவாதம்

மூன்று நாள் போயிற்று. குரல் தேறவில்லை.

உப்புத் தண்ணீரோடு மிளகுப் பால் சேர்ந்தது. மிளகுப் பாலோடு சித்தரத்தையும் பனங்கற்கண்டும் சேர்ந்தன. சித்தரத்தையின் காரம் நாக்கில் பட்டதும் காதுமடல் சுடும். அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே பள்ளிக்குப் போனேன். மோர், ஐஸ், வெள்ளரிக்காய் மூன்றும் தடைசெய்யப்பட்டன. இரண்டாம் வாரத்தில் ஆவி பிடித்தல் தொடங்கியது.

அப்பாவுக்குக் காளையார்கோவில் பக்கம் கொஞ்சம் நிலம். அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது நான் உரையை ஒப்பித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் வாசலில் நின்று சற்று நேரம் கேட்டுவிட்டு, "தொழுவுல கன்னுக்குட்டி கத்துதோன்னு பாத்தேன்" என்றார். நான் ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. பேசினால் மறுபடி கன்றுக்குட்டி வந்துவிடும் என்ற அச்சமும் ஒரு காரணம்.

எங்கள் அணியில் தொடக்கவுரை மீனாளுடையது. கானாடுகாத்தானில் அவர்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவரை நீளும் பெரிய வீடு. அதன் பாதியைத் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார்கள். விடுமுறை நாள்களில் அவர்கள் முகப்புக் கூடத்தில் ஒத்திகை பார்ப்போம். வெளிநாட்டு விருந்தினர்கள் காப்பிக் கோப்பையோடு நின்று கேட்டுவிட்டு, ஒரு சொல்லும் புரியாமல் மனமாரக் கைதட்டுவார்கள். அவர்களைவிடச் சிறந்த அவையை நான் பிறகு கண்டதில்லை.

அந்தக் கூடத்தில் ஓர் இடையூறு உண்டு. சொல்வதையெல்லாம் அது திருப்பிச் சொல்லும். என் ஒவ்வொரு வாக்கியமும் மெல்லியதாகப் போய், தடித்து, நடுவில் கீச்சிட்டுத் திரும்பி வந்தது.

மீனாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சேது, இது தொண்டைக்கட்டு இல்ல. எங்கண்ணனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. போன் எடுத்தா எங்க அப்பச்சியே யாருப்பா பேசுறதுன்னு கேப்பாக." அவர்கள் வீட்டில் அப்பாவை அப்பச்சி என்பார்கள்.

"எங்கம்மா நர்ஸு. உங்கண்ணன் நர்ஸா?"

"இல்ல. ஆம்பளப்பய. அதனாலதான் சொல்றேன்."

இந்த இறுதிச் சுற்றுக்கு மட்டும் இடம் மாற்றிக்கொள்வோம், தொடக்கவுரை சிறியது, அதை நீ பேசு, நிறைவுரையை நான் பேசுகிறேன் என்றாள். அவளுக்கு என் உரை முழுவதும் மனப்பாடம். நான் மறுத்தேன். என் இடத்தின்மேல் கண்வைக்கிறாள் என்றுகூட ஒரு சொல் சொன்னேன். அவள் குறிப்பு அட்டைகளை அடுக்கத் தொடங்கினாள். வாதத்தில் மீனாளை மௌனமாக்கிய ஒரே தருணம் அது. அதை வெற்றிக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை.

நிறைவுரை

தலைப்பு: பிள்ளைகளின் வளர்ச்சியில் முதலிடம் பெறுவது வீடா, பள்ளியா? எங்களுக்கு வீடு.

மண்டபத்தில் மல்லிகையும் புதிய சாக்பீஸும் கலந்த மணம். அம்மா அரைநாள் விடுப்பெடுத்து வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் வெந்நீர் நிரப்பிய பிளாஸ்க். நான் மேடையேறும்முன் அதில் இரண்டு மடக்குக் குடிக்கவைத்தார்.

மீனாள் தொடங்கினாள். அழகாகப் பேசினாள். எதிரணியினர் பள்ளியைப் போற்றினர். இறுதியில் நான்.

முதல் சில வாக்கியங்கள் தாழ்ந்த குரலில் கரை சேர்ந்தன. துணிவு வந்தது. கருவறை முதல் காளைப் பருவம் வரை ஒவ்வொரு படியாக அடுக்கிக்கொண்டே போனேன். குழந்தையின் முதல் அசைவை அறிந்தவர் யார்? முதல் பல்லைக் கண்டவர் யார்? கைதட்டல் எழுந்தது. நான் மாதக் கணக்கில் செதுக்கி வைத்திருந்த வாக்கியத்துக்கு வந்தேன். கையை உயர்த்தி, குரலையும் உயர்த்தினேன்.

"ஒரு பிள்ளையின் வளர்ச்சியில் தாயின் கண்ணுக்குத் தப்பியது எதுவுமே இல்லை!"

'தாயின்' என்ற இடத்தில் குரல் இரண்டாக உடைந்தது. 'கண்ணுக்கு' என்பது சேவல் குஞ்சின் ஒலியில் வந்தது. 'இல்லை' வரவே இல்லை.

அவை சிரித்தது. கொடுமையான சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். எதிர்பாராமல் தும்மல் வருவதுபோல் வந்த சிரிப்பு. எதிரணித் தலைவன் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டான். என் வாதத்தை அவன் மறுக்க வேண்டிய தேவையே இல்லை. தாயின் கண்ணுக்குத் தப்பியது உண்டு என்பதற்கு நானே சான்றாக நின்றேன்.

மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். அம்மா வாயைப் பொத்தியிருந்தார். சிரிக்கவில்லை. அந்தக் கணத்தில்தான் அவருக்குத் தெரிந்தது என்பது எனக்கும் தெரிந்தது.

நான் முடிக்காமலே இறங்கினேன். கோப்பை எதிரணிக்குப் போயிற்று. மீனாள் என் அருகில் வந்து உட்கார்ந்து, நான் விட்டுவந்த குறிப்பு அட்டைகளை என் சட்டைப் பைக்குள் வைத்தாள். 'நான்தான் சொன்னேனே' என்று அவள் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

பேருந்தில் ஒரு விசாரணை

பள்ளத்தூர்ப் பேருந்தில் அம்மா என்னைச் சன்னலோரம் உட்காரவைத்தார். மூன்று வாரமாகத் தடைசெய்யப்பட்ட இருக்கை. அதிலிருந்தே எல்லாம் விளங்கிவிட்டது.

"உனக்குத் தொண்டையில ஒண்ணுமில்லைய்யா" என்றார். "மகரக்கட்டு உடையுது. பெரியவனாகுற."

மகரக்கட்டு என்ற சொல்லை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். ஆண்பிள்ளையின் குரல் பிள்ளைக் குரலிலிருந்து பிரிகிற பருவத்துக்கு இவ்வளவு கம்பீரமான பெயர் இருப்பது வேறொரு நாளாக இருந்தால் என்னை மகிழ்வித்திருக்கும். அன்று நான் சொன்னது வேறு.

"நீங்க ஊருக்கெல்லாம் நர்ஸு. எனக்கு மட்டும் இல்லையா?"

பின்னிருக்கையில் இருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தார். அவர் அம்மாவை அறிந்தவராக இருக்க வேண்டும். உடனே வெளியே பார்க்கத் தொடங்கினார்.

அம்மா பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திறந்தார், மறுபடி மூடினார். பிறகு மெல்லச் சொன்னார்:

"ஊர்ப் பிள்ளைகளை அட்டை பாத்துத் தெரிஞ்சுக்குவேன். உன் அட்டை அஞ்சு வயசோட முடிஞ்சு போச்சுய்யா. அதுக்கு அப்புறம் நீ எனக்கு அப்படியே நின்னுட்ட."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தூசி நிறைய வந்தது. விழுங்கினேன்.

வீட்டில் அம்மா அப்பாவைக் கேட்டார்: நீங்களும் ஆம்பளைதானே, உங்களுக்காவது தெரியாதா? அப்பா, "தெரியும். நீதான் நர்ஸு. நீ தொண்டைக்கட்டுங்கிற. நான் ஏதும் மறந்துட்டேனோன்னு விட்டுட்டேன்" என்றார். அம்மா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, ஆனால் சாப்பிட உட்கார்ந்தேன். தடை நீங்கி மோர் திரும்பி வந்திருந்தது.

பையன்கள் மைதானத்துக்கு

எங்கள் பள்ளியின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை அம்மா அங்கே வருவார். சத்து மாத்திரைப் பெட்டியும் சுருட்டிய படங்களுமாக அவர் வாசலில் தெரிந்ததும் ஆசிரியை, "பையங்க எல்லாம் கிரவுண்டுக்கு" என்பார். பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவோம். உள்ளே பெண்பிள்ளைகளிடம் உடல் வளர்ச்சி பற்றிப் பேசப்படும். வெளியே எங்களிடம் எதுவும் பேசப்படாது. நர்ஸம்மா என்ன பேசுகிறார் என்று அறியாத நாற்பது பேரில் அவர் மகனும் ஒருவன். இதில் பிழை இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. அம்மாவுக்கும்தான்.

சொற்போருக்கு அடுத்த வாரம் அந்த நாள் வந்தது. முதல் நாள் மாலையே அம்மா என்னிடம் ஒரு திட்டத்தைச் சொன்னார். தலைமையாசிரியரிடம் இசைவு வாங்கிவிட்டாராம். நான் ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன்: என் பெயரை எடுக்கக் கூடாது. என்னைப் பார்க்கவும் கூடாது. மண்டபத்தில் சிரித்தது வேற்றூர்; வகுப்பில் சிரித்தால் நான் தினமும் அங்கே உட்கார வேண்டும். அம்மா ஒப்புக்கொண்டார்.

மறுநாள் ஆசிரியை வழக்கம்போல் வாய் திறக்கும்முன் அம்மா கையமர்த்தினார்.

"டீச்சர், பையங்க இருக்கட்டும். இன்னைக்குப் பொம்பளப்பிள்ளைக விளையாடப் போகட்டும்."

எங்கள் வகுப்பு திகைத்தது. முதலில் தெளிந்தவள் மீனாள். வாசலருகே பந்தோடு நின்ற பாண்டியிடம், "குடுடா. ஒன்பதாவது வந்து இத்தனை நாளா அது எங்குட்டு உருளுதுன்னே பாக்கல" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

கதவு சாத்தப்பட்டது. நாற்பது பேரும் எங்கள் மேசைகளை அன்றுதான் கண்டவர்கள்போல் ஆராய்ந்துகொண்டிருந்தோம்.

அம்மா மேசைமேல் படங்களை வைத்தார், விரிக்கவில்லை. எத்தனையோ ஊர்களில் கூச்சமின்றிப் பேசிய அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார், மீண்டும் சரிசெய்தார். பிறகு கேட்டார்: "உங்கள்ல யாருக்காச்சும் கொஞ்ச நாளாத் தொண்டை கட்டுன மாதிரி இருக்கா?"

யாரும் கை தூக்கவில்லை. கடைசி வரிசையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. அம்மா மறுபடி கேட்டார். அவர் கண்கள் வகுப்பு முழுவதும் போயின. என் இருக்கை வந்ததும் கவனமாகத் தாண்டிச் சென்றன. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். வெளியே பந்து விழும் ஓசையும் பெண்பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. உள்ளே என் தாயார் தனியாக நின்றார்.

மேடையில் துணையின்றி நிற்பது எப்படியிருக்கும் என்பதை ஒரு வாரத்துக்கு முன்புதான் நான் அறிந்திருந்தேன்.

எழுந்தேன். எழுந்ததும் பழக்கம் முந்திக்கொண்டது. "அவையோருக்கு வணக்கம்" என்று தொடங்கிவிட்டேன். வணக்கம் இரண்டு துண்டாக வந்தது.

பாண்டி சிரித்தான். கனமாகத் தொடங்கிய சிரிப்பு பாதியில் நழுவிக் கீச்சென்று முடிந்தது. அவனே மிரண்டுபோய் வாயை மூடிக்கொண்டான். வகுப்பு முழுவதும் என்னை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பியது.

நான் நாலு வாக்கியம் பேசினேன். எனக்கு இருந்தது. மூன்று வாரம் உப்புத் தண்ணீர் கொப்பளித்தும் போகவில்லை. காரணம், அது நோயில்லை. வளர்கிறேன், அவ்வளவுதான். நாலும் நாலு குரலில் வந்தன. நான் பேசிய உரைகளிலேயே ஆகச் சிறியது அது.

பாண்டி மெதுவாகக் கை தூக்கினான். "நர்ஸம்மா, அப்ப இது எப்பச் சரியாகும்?"

"சில பேருக்குச் சில மாசம். சில பேருக்கு வருசம்கூட ஆகும்" என்றார் அம்மா. என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். "எம்மவனுக்கு மூணு வாரம் சித்தரத்தை குடுத்துப் பாத்துட்டேன். ஒண்ணும் நடக்கல. நீங்க யாரும் வாங்கிடாதீக."

நாற்பது பேரும் சிரித்தோம். மெல்லிய சிரிப்பு, தடித்த சிரிப்பு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுவில் தடுமாறிய சிரிப்பு. ஒரே வயதுக்காரர்களிடமிருந்து அத்தனை விதமான ஒலிகள் எழுந்தன.

அம்மா படத்தை விரிக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றில் குழலை வைத்துத் துடிப்பைக் கேட்கும்போது சாய்ப்பதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டார். நெடுநேரம் அவர் எங்களில் யாரையும் அமைதியாக இருக்கச் சொல்லவில்லை.